எந்தத் தோட்டா உள்ளே போகும்?

.303 ரைஃபிள் ஒன்றை ஓர் இந்தியக் குடிமகன் வீட்டில் வைத்திருக்க விரும்பினால் டெல்லியிலுள்ள மத்திய உள்துறை அமைச்சகம் மனம் வைக்க வேண்டும். .30-06 ரைஃபிளுக்கு மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் உரிமம் போதும். இவற்றில் எது வலுவானது? .303 தோட்டாவின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது சுமார் 3,100 ஜூல் ஆற்றலோடு பறக்கிறது. .30-06 குண்டின் ஆற்றல் சுமார் 3,800 ஜூல். அதாவது எளிதில் கிடைப்பதுதான் கூடுதல் வலுவுள்ளது. கைத்துப்பாக்கிகளிலும் இதே கதை. 200 ஜூலை ஒட்டி நிற்கும் பழைய .380 ரிவால்வர் தடைப் பட்டியலில் இருக்கிறது. 5,700 ஜூல் கொண்ட .375 மேக்னம், யானையையும் காட்டெருமையையும் வீழ்த்துவதற்கென்றே பிறந்த ரைஃபிள், சாதாரணப் பட்டியலில் இருக்கிறது.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பேச்சில் இந்த இரண்டு பட்டியல்களுக்கும் ‘பி.பி.’, ‘என்.பி.பி.’ என்று பெயர். தடை செய்யப்பட்ட போர், தடை செய்யப்படாத போர் என்பவற்றின் சுருக்கம். போர் என்றால் குழலின் உள்விட்டம். ஒரு துப்பாக்கியின் தலையெழுத்தை அதன் குழாய் விட்டத்தை வைத்து ஏன் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால், உலோகவியலில் தொடங்கி 1857-க்குப் போய்ச் சேர்வோம்.

முதலில் அந்த எண்கள். 12 போர் துப்பாக்கியின் குழல் 12 மில்லிமீட்டரும் இல்லை, 12 வேறு எதுவும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழலே 12 போர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு 453.6 கிராம், பன்னிரண்டால் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்பதால் உருண்டையின் கன அளவு 3.33 கன சென்டிமீட்டர். அதன் விட்டம் 18.5 மில்லிமீட்டர். இன்று எந்தக் கடையில் 12 போர் துப்பாக்கியை வாங்கி அளந்தாலும் ஏறத்தாழ இதே அளவுதான் வரும். அளவுகோல் துல்லியமாக இல்லாத காலத்தில் தராசைக் கொண்டு நீளத்தை அளந்த அந்தக் கொல்லர்களின் மதிநுட்பம் எனக்கு இன்னும் வியப்புத்தான். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும் என்பதும் இதனால்தான். 16 போர் 12 போரைவிட ஒடுங்கியது.

.303, .315, .32 போன்றவை வேறு வகை. இவை அங்குலத்தின் பின்னங்கள். .303 அங்குலம் என்பது 7.7 மில்லிமீட்டர். எதிலிருந்து எது வரை அளப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ரைஃபிளின் குழல் உள்ளே வழவழப்பாக இராது. அதன் சுவரில் திருகுபோல் வளைந்து செல்லும் பள்ளங்களை வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த வரிகளில் கடித்துக்கொண்டு முன்னேறுவதால் சுழல்கிறது. .303 லீ என்ஃபீல்டில் ஐந்து பள்ளங்கள். 10 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று. குண்டு நொடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால், நொடிக்கு 2,900 சுற்றுகளுக்கு மேல் சுழன்றபடி அது காற்றில் நுழைகிறது. பம்பரம் சாயாமல் நிற்பதற்கு எது காரணமோ அதுவே இந்தக் குண்டு கவிழாமல் போவதற்கும் காரணம். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே எழுந்து நிற்கும் மேடுகளுக்கு நடுவே அளந்தால் .303, பள்ளத்தின் அடிவரை அளந்தால் ஏறத்தாழ .311. இப்படி ஒரே குழலுக்கு இரண்டு அளவுகள் உண்டு. பெயரில் எதைச் சூட்டுவது என்பது தயாரித்தவரின் விருப்பம்.

வழவழப்பான குழலும் வரிவெட்டிய குழலும் சட்டத்தின் பார்வையிலும் வேறு வேறு. வழவழப்பான குழலிலிருந்து கிளம்பும் ரவைகள் பரவிச் சிதறும். ஐம்பது அறுபது மீட்டரில் அவற்றின் வலு குறைந்துவிடும். பயிரைக் காக்கவும் பறவை சுடவும் அது போதும். ரைஃபிளின் குண்டு பல நூறு மீட்டர் தள்ளியும் ஆளைக் கொல்லும். எனவே உலகின் பல நாட்டுச் சட்டங்கள் இந்த இரண்டையும் தனித்தனி வரிசையில் வைக்கின்றன. இது இயற்பியலுக்கு மதிப்புக் கொடுக்கும் பிரிவினை. இந்தியச் சட்டத்தின் பி.பி. பிரிவினை அப்படிப்பட்டது அல்ல.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் எழுதப்பட்ட 1962-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையைப் படித்தால் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவை ‘அறையில் ஏற்றிச் சுடக்கூடிய’ எந்த போர் ரைஃபிளும் முதல் வகையைச் சேரும். .410 மஸ்கெட் தோட்டாவைச் சுடக்கூடிய எதுவும் அப்படியே. .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும், ராணுவத்தின் 9 மி.மீ., .45 தோட்டாக்களையும் ஏற்றிச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் கார்பைனும் அதே வகைதான்.

இந்த எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். .303 இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படை தூக்கிச் சென்ற ரைஃபிள். 7.62 சுதந்திர இந்தியா ஏற்றுக்கொண்ட எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் தோட்டா. .455 வெப்லி ரிவால்வருக்கு; .380 அதற்குப்பின் வந்த என்ஃபீல்டு ரிவால்வருக்கு; 9 மி.மீ. ஸ்டென் கன்னுக்கும் பிரவுனிங் பிஸ்டலுக்கும்; .45 தாம்சன் இயந்திரத் துப்பாக்கிக்கு. .410 மஸ்கெட் என்பது லீ என்ஃபீல்டு ரைஃபிளின் வரிகளை அகற்றி வழவழப்பாக்கிப் போலீசாருக்கும் காவலர்களுக்கும் கொடுத்தது. பட்டியல் முழுக்கப் படைக் கொட்டடியின் இருப்புப் பதிவேடு.

சட்டம் இங்கே கேட்பது இந்தத் துப்பாக்கி எவ்வளவு பேரைக் கொல்லும் என்று அல்ல. அரசின் கிடங்கிலிருந்து ஒரு தோட்டா களவு போனால் அது உன் துப்பாக்கியின் அறைக்குள் போகுமா என்று கேட்கிறது.

அறை என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம். பித்தளைக் கூட்டின் வடிவத்துக்கேற்ப மிக நுணுக்கமாகக் கடைந்திருப்பார்கள். ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்கு உடல் உண்டு, தோள் உண்டு, கழுத்து உண்டு. .30-06 குண்டின் விட்டமும் ராணுவத்தின் 7.62 குண்டின் விட்டமும் ஒன்றே. ஆனால் .30-06 கூட்டின் நீளம் 63 மி.மீ.; ராணுவத் தோட்டாவின் கூடு 51 மி.மீ. குட்டையான தோட்டாவை நெட்டையான அறையில் இட்டால் அதன் தோள் ஊன்றி நிற்க இடமில்லை. பாதுகாப்பாகச் சுட முடியாது. அதனால் களவு போன தோட்டா இதற்கு உதவாது. வலுக்கூடிய .30-06 சாதாரணப் பட்டியலுக்கு வந்த ரகசியம் இந்த 12 மில்லிமீட்டரில் இருக்கிறது.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1857-இல் தான் பயிற்றுவித்த சிப்பாய்களே தன்மீது திரும்பியதை ஆங்கிலேய அரசு மறக்கவேயில்லை. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. அப்போது படையின் கையில் இருந்தது மார்ட்டினி ஹென்றி ரைஃபிள். அதன் குண்டு .450 அங்குலக் கணக்கில் வந்தது. வடமேற்கு எல்லையில் பட்டாணியர்கள் இந்த ரைஃபிள்களைக் கைப்பற்றினார்கள். கிடைக்காதபோது தாரா ஆதம் கேல் போன்ற ஊர்களின் கொல்லுப்பட்டறைகளில் அச்சு அசலாகச் செய்துகொண்டார்கள். பஞ்சம் தோட்டாவுக்குத்தான்.

இதற்கிடையே 1898-இல் லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெருவேட்டைத் தோட்டாவைக் கொண்டுவந்திருந்தது. புலியும் யானையும் சுட வந்த துரைமார்களுக்கு அது உயிர். அந்தத் தோட்டாக்களைப் பிரித்துக் குண்டை எடுத்தால் பழைய மார்ட்டினி ஹென்றியில் போட்டுச் சுட்டுவிடலாமே என்று அரசு அஞ்சியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் .450 தோட்டாக்களை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரத் தடை விதித்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் அசரவில்லை. ஜோசப் லேங் .470-ஐக் கொண்டுவந்தார். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465-ஐக் கொண்டுவந்தது. .450 குண்டின் உண்மையான விட்டம் .458 அங்குலம்; .470 குண்டினுடையது .475. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. யானைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. மார்ட்டினி ஹென்றியின் குழலுக்குத் தெரியும்.

இந்த விளையாட்டின் உள்நாட்டு வடிவம் .315. .303-ஐக் குடிமக்களுக்கு விற்கக் கூடாது என்றானபின், அதையொத்த வேட்டை ரைஃபிள் ஒன்று தேவைப்பட்டது. ஆஸ்திரிய ஹங்கேரியப் படையின் 8 மி.மீ. மன்லிகர் தோட்டா அதற்குப் பிடித்துப் போடப்பட்டது. 8 மில்லிமீட்டரை அங்குலமாக்கினால் .315. பிரிட்டிஷ் படை எங்கும் பயன்படுத்தாத தோட்டா என்பதே அதன் பெருந்தகுதி. பிரிட்டிஷ் பேரரசு மறைந்தது. ஆஸ்திரிய ஹங்கேரியும் மறைந்தது. வங்காளத்தின் இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலை .315 ரைஃபிளைத் தொடர்ந்து செய்தது. வங்கி வாசலில் நிற்கும் காவலர் தோளிலும் இன்று அதைப் பார்க்கலாம். அது இல்லையென்றால் 12 போர் இரட்டைக்குழல். கைத்துப்பாக்கியில் .32-க்கு இதே வரலாறு. டெல்லியில் ஓர் இளம்பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்தபின் 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வரை வெளியிட்டபோது அதுவும் .32-ஆகத்தான் இருக்க முடிந்தது.

நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இந்தக் கோடு ஓடுகிறது. படைகளுக்கான தாக்குதல் ரைஃபிள்களும் உரிமதாரர்கள் வாங்கக்கூடிய 12 போர் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கியும் ஒரே நிறுவனத்தின் பொருட்கள்தாம்.

எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது உரிமம் யார் தருவார் என்பதோடு முடிந்துவிடவில்லை. ஒரு காலத்தில் உயிரையே தீர்மானித்தது. 1988-இல் சேர்க்கப்பட்ட 27(3) பிரிவின்படி, தடை செய்யப்பட்ட ஆயுதத்தால் ஒருவர் இறந்தால் கொன்றவருக்கு மரண தண்டனை கட்டாயம். வேறு தண்டனை கொடுக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை. சாதாரணப் பட்டியலிலுள்ள துப்பாக்கியால் கொன்றவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. ஆயுதங்களின் பட்டியலுக்கு மனித உயிரின் எடை தெரியாது என்பதால் அந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

போர் அளவுக்கு அப்பால் சட்டம் பார்க்கும் இன்னொன்று விசை. விசையை அழுத்தியபடி இருந்தால், கையை எடுக்கும்வரை அல்லது தோட்டா தீரும்வரை குண்டுகள் தொடர்ந்து பாயுமானால் அது தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று இந்தியச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு சொல்கிறது. ஏ.கே. 47 இதில்தான் வரும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை இழுக்க வேண்டியதை அரைத் தானியங்கி என்கிறோம். கேட்கும்போது தெளிவான பிரிவினைதான். இரும்பில் செய்து பார்க்கும்போது அந்தத் தெளிவு போய்விடுகிறது. அமெரிக்காவில் நடந்தது அதற்குச் சான்று.

அமெரிக்கச் சட்டத்தின் இலக்கணம் ‘விசையின் ஒரே செயலால்’ ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தால் இயந்திரத் துப்பாக்கி என்பது. 2017 அக்டோபர் 1-ஆம் தேதி லாஸ் வேகஸில் இசை நிகழ்ச்சிக்குக் கூடியிருந்தவர்கள்மீது ஒருவன் சுட்டதில் 60 பேர் இறந்தார்கள். அவன் பயன்படுத்தியவை அரைத் தானியங்கி ரைஃபிள்கள். ஆனால் அவற்றைத் தோளில் ஊன்றும் கட்டைக்குப் பதிலாக ‘பம்ப் ஸ்டாக்’ என்ற பொருத்துப்பொருள் இருந்தது. குண்டு பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமல்லவா? இந்தக் கட்டையில் துப்பாக்கி முன்னும் பின்னும் வழுக்கும். விரல் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். உதையில் பின்னே போன துப்பாக்கியை இடக்கை முன்னே தள்ள, விசை தானாக வந்து விரலில் முட்டும். அடுத்த குண்டு பாயும். நிமிடத்துக்குப் பல நூறு குண்டுகள். விரல் அசையவேயில்லை, விசையோ ஒவ்வொரு குண்டுக்கும் அசைகிறது. இதில் ‘ஒரே செயல்’ எது?

2018-இல் அரசு இதை இயந்திரத் துப்பாக்கி என்று வகைப்படுத்தியது. 2024 ஜூன் 14-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், விசைக்குள் இருக்கும் கொக்கிகளும் சுத்தியலும் எப்படி இயங்குகின்றன என்பதற்குப் படங்களையே தீர்ப்பில் சேர்த்திருந்தார். விசை ஒவ்வொரு முறையும் மீண்டு வந்து மீண்டும் இயங்குவதால் ஒரு செயலுக்கு ஒரு குண்டுதான் என்பது அவர் வாதம். பொறியியலாக அது சரி. சடலங்களை எண்ணியவர்களிடம் போய் அதைச் சொல்ல என் நா எழாது. விளைவை வைத்து எழுதப்படாமல் பொறியமைப்பை வைத்து எழுதப்பட்ட இலக்கணத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

அமெரிக்கர்களின் இன்னோர் அளவுகோல் குழலின் நீளம். 1934-இல் கள்ளச்சாராயக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டைகளைப் பார்த்துப் பயந்துபோய் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மசோதாவின் முதல் வடிவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கிச் சட்டைக்குள் மறைப்பவர்கள் தப்பிவிடக் கூடாதே என்று குட்டைக் குழல் ரைஃபிள்களையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பவே கைத்துப்பாக்கிகளை நீக்கிவிட்டார்கள். குட்டை ரைஃபிள் பிரிவு மட்டும் நின்றுபோனது. சட்டைப்பைக்குள் போகும் பிஸ்டலுக்கு இல்லாத கட்டுப்பாடு, ஒன்றரை அடிக்குச் சற்றே குறைந்த குழலுள்ள ரைஃபிளுக்கு! முதலில் 18 அங்குலம் என்று வைத்த எல்லையை 1960-இல் ரைஃபிளுக்கு 16 அங்குலமாகக் குறைத்தார்கள். ஏனென்றால் 17¾ அங்குலக் குழல் கொண்ட ராணுவ எம்-1 கார்பைன்கள் உபரியாகப் பொதுமக்கள் கைக்குப் போயிருந்தன. 1934-இல் இவற்றின்மீது விதித்த 200 டாலர் வரி அன்று பெருந்தொகை. பணவீக்கம் அதைக் கரைத்தது. 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்கும் ஒலியடக்கிக்கும் அந்த வரி பூஜ்யமாகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கிக்கு அது தொடர்கிறது. நம் விதிகளிலும் 20 அங்குலத்துக்குக் குறைவான வழவழப்புக் குழல் துப்பாக்கி முதல் வகையில் இருக்கிறது. காரணம் அதே மறைப்புத்தான்.

பழமையும் ஓர் அளவுகோல். அமெரிக்காவில் 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது பொதுவாக ‘பழம்பொருள்’. மத்தியச் சட்டம் அதைத் துப்பாக்கியாகவே கருதாது. இந்தியாவில் ஆண்டுக்கணக்கு இல்லை. சரிசெய்தாலும் சுடப் பயன்படாத பழஞ்சாமானுக்கு 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சுட முடிகிறது என்றால், வாய்வழியே மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகூட உரிமம் வேண்டிய ஆயுதம்தான். ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் உரிமமில்லாத ஒற்றைக்குழல்களைத் தாமாகவே ஒப்படைக்கும்படி போலீசார் அவ்வப்போது தண்டோரா போடுவது இதனால்தான். குடகு நாட்டில் மட்டும் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உள்ளவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்து விலக்கு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 2019-இல் அதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்திய விதிகள் நேராக ஆற்றலை அளக்கின்றன. அது காற்றுத் துப்பாக்கி. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, வாய்முனை ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ குழல் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். பலூன் சுடும் துப்பாக்கிக்கு ஜூல் கணக்குப் பார்க்கும் சட்டம், 200 ஜூலையும் 5,700 ஜூலையும் அருகருகே வைத்து இதற்கு டெல்லி, அதற்கு ஆட்சியர் அலுவலகம் என்கிறது. அந்த 20 ஜூல் விதியை எழுதிய கையே மற்ற துப்பாக்கிகளுக்கும் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆற்றல், குண்டு பாயும் வேகவிகிதம், ஒருமுறை ஏற்றினால் எத்தனை தோட்டா என்ற மூன்றையும் ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம்.

பழைய பட்டியல் விட்டுச்சென்ற தடயத்தைத் தடய அறிவியல் கூடங்களில் காணலாம். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கள்ளப் பட்டறைகளில் செய்யப்படும் ‘கட்டா’ கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டே அளவுகளில் வருகின்றன: .315, 12 போர். கள்ளத் துப்பாக்கி செய்பவனுக்குச் சட்டத்தின் அட்டவணை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடையில் எந்தத் தோட்டா விற்கிறது என்று தெரிந்தால் போதும்; உரிமதாரர்களுக்கென்று வந்து வழியில் கசியும் தோட்டா அதுதான். படைக் கிடங்கின் தோட்டாவுக்கு எதிராக நூறாண்டுகளுக்கு முன் போட்ட பூட்டு இன்றும் இறுக்கமாக இருக்கிறது. கொலை வழக்குகளில் சான்றுப் பொருளாக நீதிமன்ற மேசைக்கு வரும் பித்தளைக் கூடுகளின் அடியிலோ ‘8 மி.மீ.’ என்ற முத்திரை இருக்கிறது.